புள்ளிக்காக ஒரு சண்டை: டால்மேஷன் நாய்க்கு 38 வருடம் கழித்துக் கிடைத்த நியாயம்

இன்னைக்கு எபிசோடு ஒரு வாட்ஸ்அப் போட்டோவில் ஆரம்பிக்குது.

என் நண்பன் ஒருத்தன் வீட்டில் ஒரு பெண் டால்மேஷன் இருக்கு. வெள்ளை உடம்பு, கறுப்புப் புள்ளி, மூணு வயசு. வீட்டில் எல்லாருக்கும் செல்லம். போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு அவனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பெரிய ஷீல்டுக்குப் பக்கத்தில் கம்பீரமாக நிற்கும் ஒரு ஆண் டால்மேஷன். கீழே ஒரு வரி: "மாப்பிள்ளை எப்படி?"

அவன் நாய்க்கு ஜோடி பார்க்கிறான். ஒரே ஒரு தடவை குட்டி போடட்டும், ஒண்ணை நாம வெச்சுக்கலாம், மத்ததைத் தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கலாம் என்பது திட்டம். "ஒரு ஈத்தாவது போட்டாதான் பெண் நாய்க்கு உடம்புக்கு நல்லது"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க.

நான் கேட்டேன்: "மாப்பிள்ளையோட அப்பா, அம்மா யாரு? கூடப் பிறந்ததுங்க எப்படி இருக்கு? ரெண்டு காதும் கேட்குதான்னு பார்த்தாங்களா?"

அவன் திருப்பிக் கேட்டான்: "டேய், ஷீல்டு வாங்கின நாய்டா. இன்னும் என்ன வேணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் இன்னைக்குப் பதில் தேடப் போறோம். ஷீல்டு வாங்கினால் போதுமா? இந்த நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது? அதுக்கு நாய்கள் கொடுத்த விலை என்ன? இதுக்குப் பதில் சொல்ல, அவன் வீட்டில் இருக்கும் அதே டால்மேஷனை விடப் பொருத்தமான நாய் இல்லை.

நியூகாசில், 1859

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிடலாம். மனிதர்கள் நாய்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது ஆயிரக்கணக்கான வருடப் பழக்கம். ஆனால் ரொம்ப காலம் அந்தத் தேர்வு வேலையை வைத்துத்தான் நடந்தது. ஆடு மேய்க்க ஒரு நாய், முயல் விரட்ட ஒரு நாய், வீட்டு வாசலைக் காக்க ஒரு நாய். நல்லா ஓடுற நாயோட குட்டிக்குத்தான் கிராக்கி. அதன் காது எப்படித் தொங்குது, உடம்பில் எத்தனை புள்ளி இருக்குன்னு பார்ப்பது இரண்டாம் பட்சம்தான். வேலைக்கு ஆகாத நாயிடமிருந்து யாரும் குட்டி எடுக்க மாட்டாங்க.

இது மாற ஆரம்பித்த இடங்களில் முக்கியமானது இங்கிலாந்தின் நியூகாசில் நகரம். 1859 ஜூன் மாதம் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. நவீன நாய்க் கண்காட்சிகளில் முதலாவது என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். பாய்ன்டர், செட்டர் என்று இரண்டே வகை வேட்டை நாய்கள். பரிசு, துப்பாக்கி.

இதில் ஒரு வேடிக்கை. பாய்ன்டர் பிரிவின் நடுவர் ஒருவரின் செட்டர், செட்டர் பிரிவில் ஜெயித்தது. செட்டர் பிரிவின் நடுவர் ஒருவரின் பாய்ன்டர், பாய்ன்டர் பிரிவில் ஜெயித்தது. அதாவது, நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன். முதல் கண்காட்சியிலேயே ஆரம்பிச்சாச்சு!

ஆனால் நமக்கு முக்கியமான விஷயம் வேறு. இந்த நாய்கள் களத்தில் வேலை செய்து காட்டவில்லை. நின்றன. நடுவர்கள் பார்த்தார்கள். நாயின் தரத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு மேடை கிடைத்தது. அதே வருடம் நவம்பரில்தான் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகமும் வெளியானது. அதன் முதல் அத்தியாயமே வளர்ப்பு விலங்குகளைப் பற்றியது. மனிதன் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் ஓர் உயிரினத்தின் உருவம் எவ்வளவு தூரம் மாறும் என்று அவர் அதில் எழுதினார். அதைக் கண்கூடாகப் பார்க்கும் கூடங்கள் அப்போதுதான் இங்கிலாந்தில் திறக்க ஆரம்பித்தன.

அடுத்த பதினைந்து வருடங்களில் கண்காட்சிகள் பெருகின. கூடவே தில்லுமுல்லும் பெருகியது. எந்த நாய் யாருடைய நாய், அதன் அப்பா யார் என்று எதுவும் நிச்சயமில்லை. அதை ஒழுங்குபடுத்த 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டது. மறு வருடம் அவர்களுடைய முதல் வம்சாவளி ஏடு வெளிவந்தது. அதில் சுமார் 4,000 நாய்களின் பதிவு. 1884-ல் அமெரிக்கன் கென்னல் கிளப். 1896-ல் நம் நாட்டிலும் ஒரு கென்னல் கிளப்.

இது நல்ல காரியம்தானே? ஆமாம், நல்ல காரியம்தான். இன்னாருடைய குட்டி இன்னார் என்று எழுதி வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. சிக்கல் அடுத்த படியில் வந்தது. காலப்போக்கில், பதிவான அப்பாவுக்கும் பதிவான அம்மாவுக்கும் பிறந்த குட்டியை மட்டும்தான் ஏட்டில் சேர்ப்போம் என்பது பெரும்பாலான இனங்களுக்கு விதியானது. வெளியிலிருந்து ஒரு நாய்கூட உள்ளே வர முடியாது. கதவைச் சாத்தியாச்சு.

சொந்தத்துல கல்யாணமா?

குழந்தைக்கு ஏதாவது பிறவிக் கோளாறு சந்தேகம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், நம்ம ஊர் டாக்டர் சட்டுன்னு ஒரு கேள்வி கேட்பார்: "சொந்தத்துல கல்யாணமா?" கேட்டிருப்பீங்க.

ஏன் அந்தக் கேள்வி? நம் எல்லாருடைய உடம்பிலும் பழுதான மரபணுக்கள் சில இருக்கு. பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதி இருப்பதால், ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று சமாளிச்சிடும். ஒரே பாட்டன் வழியில் வந்த இரண்டு பேரிடம் அதே கெட்ட பிரதி இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுடைய குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகவே கிடைக்கலாம். அப்போதுதான் நோய் வெளியே தெரியும்.

கதவைச் சாத்திய வம்சாவளி ஏட்டில், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே சொந்தத்துல கல்யாணம்தான். அதோடு ஷீல்டு சேர்ந்தால் இன்னும் வேகம். ஒரு பெண் நாய் வாழ்நாளில் சில தடவைதான் குட்டி போடும். ஆனால் ஜெயித்த ஓர் ஆண் நாயை நூற்றுக்கணக்கான பெண் நாய்களுடன் சேர்க்கலாம். எல்லாருக்கும் அந்தச் சாம்பியனின் குட்டிதானே வேணும்? அந்த நாயிடம் ஒளிந்திருக்கும் ஒரு கெட்ட மரபணு, ஒரே தலைமுறையில் ஊர் முழுக்கப் பரவிடும். பேரன், பேத்தி காலத்தில் அதுங்களுக்குள்ளேயே ஜோடி சேரும்போது நோய் தலை காட்டும். அதற்குள் தாத்தா நாய் செத்துப்போய் அதன் படம் மட்டும் ஹாலில் மாட்டியிருக்கும்.

2008-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டனின் வம்சாவளிப் பதிவுகளை எடுத்து 10 இனங்களைக் கணக்குப் போட்டார்கள். ஏட்டில் ஆயிரக்கணக்கான நாய்கள். ஆனால் மரபணு வகைகளை வைத்துப் பார்த்தால், இரண்டு இனங்கள் தவிர மற்றவை ஒவ்வொன்றும் 40-லிருந்து 80 நாய்கள் மட்டும் உள்ள ஒரு கூட்டத்துக்குத்தான் சமம். ஓர் ஊரே இருக்கு, ஆனா அத்தனை பேரும் ஒரே தெருக்காரங்க என்கிற மாதிரி.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உருவமே நோயாவது. புல்டாக்கை எடுத்துக்கோங்க. பெயர் சொல்வது போல, காளையோடு மோத விடுவதற்காக வளர்த்த நாய் அது. 1835-ல் பிரிட்டன் அந்தக் கொடூரமான விளையாட்டைத் தடை செய்தது. வேலை போச்சு, நாய் மிச்சம். அப்புறம் அது கண்காட்சி நாயானது. மூக்கு சப்பை, தலை பெரிசு, இடுப்பு குறுகல் என்று வடிவத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தார்கள். 2010-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வின்படி புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் ஆகிய மூன்று இனங்களிலும் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் சிசேரியன். குட்டியின் தலை தாயின் இடுப்பு வழியாக வராது. மனிதன் கத்தி எடுக்காவிட்டால் அடுத்த தலைமுறை இல்லை.

ஒரே ஒரு மரபணு

இப்போ டால்மேஷனுக்கு வருவோம். இந்த நாய்க்கு ஒரு விசித்திரம் உண்டு. நாம் சாப்பிடும் இறைச்சி போன்ற உணவுகளில் ப்யூரின் என்ற பொருள் இருக்கு. அது உடம்பில் உடையும்போது யூரிக் அமிலம் உண்டாகும். மனிதர்களுக்கு அது அதிகமானால் கௌட் என்கிற மூட்டுவலி வரும், கேள்விப்பட்டிருப்பீங்க. நாய்களுக்கு அந்தப் பிரச்சினை பெரும்பாலும் கிடையாது. அதுங்களோட கல்லீரல் யூரிக் அமிலத்தை இன்னும் ஒரு படி உடைத்து, தண்ணீரில் சுலபமாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும்.

டால்மேஷனுக்கு இது சரியாக நடக்காது. யூரிக் அமிலத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்தும் மரபணுவில் பழுது. அதனால் சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறி இறங்கும். சில நாய்களுக்கு அது கல்லாகிவிடும். ஆண் நாய்க்கு இது ரொம்ப ஆபத்து. அதன் சிறுநீர்க் குழாய் ஒரு சின்ன எலும்பை ஒட்டிப் போகும். அந்த இடத்தில் குழாயால் விரிய முடியாது. கல் போய் அங்கே சிக்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். உடனே பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்லா டால்மேஷனுக்கும் கல் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் தூய டால்மேஷன் என்று ஏட்டில் இருந்த அத்தனை நாய்களிடமும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. ஒன்றுகூட மிச்சமில்லை. புள்ளி தெளிவாகவும் எடுப்பாகவும் இருக்கணும்னு பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பழுதும் சேர்ந்தே வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

இங்கேதான் சிக்கலைக் கவனிங்க. உங்களிடம் நோயுள்ள நாயும் நோயில்லாத நாயும் இருந்தால், நோயில்லாததைப் பார்த்து ஜோடி சேர்க்கலாம். எல்லா நாயிடமும் அதே பழுது என்றால்? எவ்வளவு நல்ல மனசோடு, எவ்வளவு பொறுப்பாகத் தேடினாலும் உள்ளே நல்ல பிரதி கிடைக்காது. வெளியிலிருந்துதான் கொண்டுவரணும். கதவோ சாத்தியிருக்கு.

1973-ல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் ஷாய்பிள் என்ற மரபியலாளர் அந்தக் கதவைத் தட்டினார். அவரே டால்மேஷன் வளர்த்தவர். ஒரு டால்மேஷனை ஒரு பாய்ன்டருடன் சேர்த்தார். ஏன் பாய்ன்டர்? உடல்வாகில் கிட்டத்தட்ட ஒன்று. பிறந்த குட்டிகளுக்கு ஒரு நல்ல பிரதி கிடைத்தது. ஒன்று போதும், யூரிக் அமிலம் சாதாரண அளவுக்கு வந்துவிடும். ஆனால் குட்டிகளின் புள்ளி, டால்மேஷன் மாதிரி இல்லை.

அதனால் அந்தக் குட்டிகளில் நல்ல பிரதி உள்ளதை எடுத்து மறுபடி டால்மேஷனுடனேயே சேர்த்தார். அதில் பிறந்ததை மறுபடி டால்மேஷனுடன். ஒவ்வொரு தலைமுறையிலும் குட்டிகளின் சிறுநீரைச் சோதித்து, எதற்கு நல்ல பிரதி கிடைத்திருக்கிறது என்று பார்ப்பார். கணக்கு சுலபம்தான். முதல் குட்டியில் பாய்ன்டரின் பங்கு பாதி. அடுத்ததில் கால். அப்புறம் அரைக்கால். இப்படியே பத்து தடவை டால்மேஷனோடு சேர்த்தால், சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பாய்ன்டர் இருக்காது. பார்த்தால் டால்மேஷன், நடந்தால் டால்மேஷன், புள்ளியும் டால்மேஷன். சிறுநீர் மட்டும் ஆரோக்கியம்.

1981-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த வழியில் வந்த இரண்டு நாய்களை டால்மேஷன் என்று பதிவு செய்தது. அப்பாடா, முடிஞ்சுது கதை என்று நினைப்பீங்க. இல்லை. டால்மேஷன் வளர்ப்பாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு. "இது கலப்பு, எங்க இனத்தின் தூய்மை கெட்டுப்போகும்." அந்த நாய்களின் வாரிசுகளைப் பதிவு செய்வது நிறுத்தப்பட்டது. சாத்தின கதவு சாத்தினதுதான்.

ஷாய்பிளும் அவரோடு நின்ற சிலரும் விடவில்லை. பதிவு இல்லாமலே, ஷீல்டு இல்லாமலே, தலைமுறை தலைமுறையாக அந்த நாய்களைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள். 2008-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பழுதான மரபணு எது என்று கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இனி சந்தேகத்துக்கு இடமில்லை, ஒரு டிஎன்ஏ சோதனை போதும். 2011-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த நாய்களை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனிலும் அதே வழியில் வந்த ஃபியோனா என்ற பெண் டால்மேஷன் 2011-ல் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் கலந்துகொண்டது. அங்கேயும் முணுமுணுப்பு இருந்தது.

1973-லிருந்து 2011. 38 வருடம். நோய்க்கு மருந்து தெரியாமல் போன காலம் இல்லை இது. வழி கையில் இருந்தது. அதை உள்ளே விட மனசில்லை, அவ்வளவுதான். இந்த இடைவெளியில் சிறுநீர் அடைத்து வேதனைப்பட்ட நாய்களுக்குத் தன் புள்ளி தெளிவா இருக்கா, தன் வம்சம் தூய்மையா என்பதெல்லாம் தெரியாது.

எதிர்த்தவங்க எல்லாரும் கெட்டவங்களா? அப்படிச் சொல்லிட முடியாது. பல பேர் தங்கள் நாய்களை உயிராக வளர்த்தவர்கள். நோயை மெல்லமெல்ல உணவால், தண்ணீரால் சமாளிக்கலாம் என்று நம்பினார்கள். ஒரு கலப்பை அனுமதித்தால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று இனமே கரைந்துபோகும் என்று பயந்தார்கள். அன்பு இருந்தது. ஆனால் அது நாயின் மீதா, இனம் என்ற கருத்தின் மீதா என்ற கேள்வியை அவர்கள் தாமதமாகத்தான் கேட்டார்கள்.

சினிமாவும் விளம்பரமும்

கண்காட்சிக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. நமக்கும் இதில் பங்கு இருக்கு.

1961-ல் டிஸ்னியின் டால்மேஷன் கார்ட்டூன் படம் வந்தது. 1985-ல் அது மறுபடி தியேட்டருக்கு வந்த சமயத்தில் அமெரிக்காவில் வருடத்துக்குச் சுமார் 8,000 டால்மேஷன்கள் பதிவாகிக்கொண்டிருந்தன. 1993-ல் அது 42,000-ஐத் தாண்டியது. அப்புறம் அதே வேகத்தில் இறங்கியது. இந்த நாய்க்கு ஓட்டமும் வேலையும் நிறைய வேணும். வண்டிக்குப் பக்கத்தில் மைல் கணக்கில் ஓடிய நாய் அது. படத்தைப் பார்த்து வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது. கட்டுப்படுத்த முடியாமல் காப்பகங்களில் கொண்டுவந்து விட்டார்கள்.

நம்ம ஊரிலும் இதே கதை உண்டு. 2003-ல் ஹட்ச் செல்ஃபோன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் போகும். அந்த வருஷத்துக்கு அப்புறம் இந்திய நகரங்களில் பக் வாங்க எவ்வளவு போட்டி என்று உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். சப்பை மூக்கு நாய்க்கு வெயிலில் மூச்சு விடுவதே கஷ்டம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைக் குறைக்கணும். மூச்சுப் பாதையே குறுகல் என்றால் சென்னை மே மாதத்தில் அது என்ன செய்யும்?

ஆசை ஒரே சமயத்தில் பல பேருக்கு வரும்போது, யாராவது ஒருத்தர் அவசரமாகக் குட்டி எடுத்து விற்பார். அங்கே பொறுமையாக வம்சம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

வெள்ளைக்குப் பின்னால்

என் நண்பனிடம் காது பற்றி ஏன் கேட்டேன்? அதுக்கு வருவோம்.

டால்மேஷன் குட்டி பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும். புள்ளி கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரியும். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் காதின் உட்பகுதியிலும் இருக்கணும். அங்கே அதுங்களுக்கு வேறு வேலை. கேட்கும் செல்களை உயிரோடு வைத்திருப்பது. வெள்ளையை உண்டாக்கும் மரபணு, அந்தச் செல்களைக் காதுக்குள்ளும் போகவிடாமல் செய்தால், பிறந்த சில வாரங்களில் அந்தக் காது செவிடாகிவிடும். அமெரிக்க டால்மேஷன்களைச் சோதித்த ஆய்வுகளில் ஏறக்குறைய 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை.

ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. கூப்பிட்டால் வரும், கதவு தட்டினால் குரைக்கும். மூளையின் மின் அலைகளை வைத்து ஒவ்வொரு காதையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் தெரியும். ஆனால் அப்படிப்பட்ட நாய்க்குப் பிறக்கும் குட்டிகளில் செவிடு அதிகம்.

இது எங்கேயோ இருக்கும் வெள்ளைக்காரங்க நாயோட பிரச்சினை இல்லை. நம்ம ராஜபாளையம் நாயை நினைச்சுப் பாருங்க. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு நாட்டு இனங்களில் அதுவும் ஒன்று. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அந்த வெள்ளைக்குத்தான் மவுசு, விலை எல்லாம். அந்த இனத்திலும் பிறவிச் செவிடு பதிவாகியிருக்கு. காரணமும் அதே குடும்பம்தான். வெள்ளை மட்டுமே வேணும் என்று கேட்கும் ஒவ்வொரு வாங்குபவரும், தெரியாமலே, அந்தக் காதை விலை பேசுகிறார். நாட்டு நாயைக் காப்பாற்றணும் என்ற ஆர்வம் இப்போ பெருகியிருக்கு, சந்தோஷம். ஆனா இங்கிலாந்துக்காரன் 150 வருஷத்தில் செய்த தப்பை நாம் பத்து வருஷத்தில் செய்து முடிக்க வேண்டாம்.

அப்போ கலப்புதான் தீர்வா? அதுவும் அவ்வளவு நேரடியான பதில் இல்லை. 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்கள் பயிற்சி மையத்தில் வேலை செய்த வாலி கான்ரன் என்பவர், ஹவாயில் ஒரு பார்வையற்ற பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு நாய் முடி அலர்ஜி. நோக்கம் நல்லது, அந்த நாயும் நன்றாக வேலை செய்தது. ஆனால் 'லாப்ரடூடில்' என்ற பெயர் பிரபலமானதும், எந்தச் சோதனையும் இல்லாமல் ஆளாளுக்குக் கலந்து விற்க ஆரம்பித்தார்கள். செய்ததற்கு வருத்தப்படுவதாகக் கான்ரனே பின்னாளில் சொன்னார். ஷாய்பிளுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவரிடம் ஒரு தெளிவான கேள்வி இருந்தது. ஒவ்வொரு தலைமுறையையும் சோதித்தார், எழுதி வைத்தார். தூய்மையும் கலப்பும் அல்ல விஷயம். பார்த்துச் செய்தோமா, பார்க்காமல் செய்தோமா என்பதுதான்.

மாப்பிள்ளை வீட்டில் கேட்க வேண்டியது

சரி, நண்பனுக்கு என்ன சொன்னேன்?

முதலில், "ஒரு ஈத்தாவது போடணும்" என்பது பற்றி. அப்படி ஒரு மருத்துவக் கட்டாயம் கிடையாது. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயசானதும் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்துதான் உண்டு. ஒரு தடவை குட்டி போடுவது அதைத் தடுக்காது, கருத்தடை ஆபரேஷன் தடுக்கும். குட்டி போடுவது நம் ஆசை. ஆசை தப்பில்லை. அதை நாயின் தேவை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது, சட்டம். வியாபாரமாகக் குட்டி எடுத்து விற்பவர்களுக்கு மத்திய அரசு 2017-ல் நாய் இனப்பெருக்க விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேணும். பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்கணும், 8 வயதைத் தாண்டக் கூடாது, வாழ்நாளில் 5 தடவைக்கு மேல் குட்டி எடுக்கக் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வீட்டில் ஒரே ஒரு தடவை என்றாலும், இதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, ஜாதகம். நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை பொருத்தம் பார்க்கிறோம்? நாய்க்கு மூன்று போதும். ஒன்று, இரண்டும் நெருங்கிய சொந்தமா? தாய்க்கும் மகனுக்கும், அண்ணன் தங்கைக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்ய மாட்டோம் என்று பிரிட்டிஷ் கென்னல் கிளப்பே 2009-ல்தான் சொன்னது. அதுவும் முந்தின வருடம் பிபிசியில் ஒரு ஆவணப்படம் வந்து ஊரே கொதித்த பிறகு. இரண்டு, அந்த இனத்துக்கென்று உள்ள நோய்க்குச் சோதனை செய்தாச்சா? டால்மேஷனுக்குக் காதும் சிறுநீரும். லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே. மூன்று, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவை எல்லாம் எத்தனை வயசு வரை எப்படி வாழ்ந்தன? ஷீல்டு ஒரு நாளைச் சொல்லும். சொந்தபந்தம்தான் ஆயுசைச் சொல்லும்.

நான்காவது, குட்டிகள். நாய் சினையாக இருப்பது சுமார் 63 நாள். டால்மேஷன் எட்டு, பத்து குட்டிகூடப் போடும். ராத்திரி சிசேரியன் என்றால் போக டாக்டர் இருக்காரா? "தெரிஞ்சவங்க" பட்டியலில் எட்டுப் பேர் நிஜமாகவே இருக்காங்களா? இரண்டு வருஷம் கழித்து அதில் ஒருத்தர் வீடு மாறினால் அந்த நாயை நீ திரும்ப எடுத்துக்குவியா? ஒரு குட்டிக்குக் காது கேட்கவில்லை என்றால் அதை யாருக்குக் கொடுப்பே?

கடைசிக் கேள்விக்கு அவன் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம், "மாப்பிள்ளை வீட்டில் கேட்டுட்டுச் சொல்றேன்"னான்.

கேட்டிருக்கிறான். சொந்தமா, காது பார்த்தாச்சா, சிறுநீர்ச் சோதனை செய்தாச்சா என்று மூன்றையும் வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறான். பதிலுக்கு வந்தது இன்னொரு போட்டோ. அதே நாய், இன்னும் பெரிய ஷீல்டு.

அவன் அதை எனக்கு அனுப்பி, "இவங்க நியூகாசில்லேயே நிக்கிறாங்கடா"ன்னு எழுதியிருந்தான். சம்பந்தம் அத்தோடு முடிஞ்சுது. அடுத்த மாதம் அவன் நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன். குட்டி ஆசை இன்னும் இருக்கு, அதனால் காப்பகத்தில் ஒரு நாட்டு நாய்க்குட்டியைப் போய்ப் பார்த்துட்டு வந்திருக்கான். அதற்குப் புள்ளி எதுவும் இல்லையாம். காது ரெண்டும் நல்லா கேட்குதாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க வீட்டு நாய்க்கு ஒரு ஹாய் சொல்லிடுங்க.